காவிரிக் கழனிகளின் கதை – 17: பட்டம் தப்பிய நெல்

சென்ற வாரம் 1934-இல் மேட்டூர் அணை கட்டி முடிந்ததோடு நிறுத்தியிருந்தேன். அணை வந்ததால் தஞ்சைக்குத் தண்ணீர் உறுதியானது என்று எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். அதோடு சேர்ந்து ஒரு பட்டமும் உறுதியானது என்பதைத்தான் அதிகம் பேர் எழுதவில்லை. அணைக்கு முன்பும் குறுவை உண்டு; ஆனால் ஆற்றில் வெள்ளம் எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டு, மேட்டுப்பாங்கான, வாய்க்கால் தலைப்பில் இருக்கிற வயல்களில்தான் அது பெரும்பாலும் நடந்தது. அணையைத் திறக்க ஜூன் 12 என்று ஒரு தேதி குறிக்கப்பட்ட பிறகு, குறுவை அறுத்துத் தாளடி நடுவது என்ற இருபோகக் கணக்கு வேலி வேலியாகப் பரவியது. அந்தக் கணக்குக்குப் பொருந்துகிற விதை வேண்டும். இந்த வாரக் கதை அந்த விதையைத் தேடிய கதை.

முதலில் ‘பட்டம்’ என்ற சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்துவிடுவோம். டெல்டாவில் பட்டம் என்றால் விதைக்கிற நாள் மட்டும் இல்லை. அந்த நாளில் வாய்க்காலில் என்ன தண்ணீர், பயிர் தூர் கட்டும்போது வெயில் எப்படி, சூல் கட்டும்போது இரவில் பனி இறங்குமா, அறுப்பு அன்றைக்கு வானம் எப்படி இருக்கும், எந்தப் பூச்சி எந்த மாதத்தில் வரும் என்பதெல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் அடக்கம். பயிர் விஞ்ஞானிகள் ‘சூழல்’ என்று சொல்வதைத் தஞ்சை விவசாயி வெகுகாலமாகப் பட்டம் என்று சொல்லிவந்திருக்கிறார். விதைக்குள் இருக்கும் மரபணுவும் வெளியே இருக்கும் சூழலும் ஒன்றையொன்று எப்படி மாற்றிவிடுகின்றன என்பதை வரைபடமாக்குவதற்கு இன்று உலகம் முழுக்க ஆய்வகங்கள் உழைக்கின்றன. அந்த உறவை அன்றாடம் வயிற்றுப்பாடாகவே பார்த்த ஊர்கள் நம்முடையவை.

பகல் நீளத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். டெல்டாவில் உள்ள ஆடுதுறை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 11 பாகையில் இருக்கிறது. ஆனி முதல் வாரத்தில் அங்கே பகல் ஏறத்தாழ 12 மணி 45 நிமிடம். மார்கழி முதல் வாரத்தில் 11 மணி 30 நிமிடம். ஆண்டு முழுக்க மொத்த வேறுபாடே ஒன்றேகால் மணி நேரம்தான். நமக்கு அது தெரிவதில்லை. பழைய சம்பா நெல்லுக்குத் தெரியும். ஆடியில் விதைத்தாலும் ஆவணியில் விதைத்தாலும், பகல் குறுகுவதை உணர்ந்துதான் அது கதிர் வாங்கும். முன்னே நட்டதும் பின்னே நட்டதும் கிட்டத்தட்ட ஒன்றாகவே வந்து சேரும். குறுவை நெல் வேறு இனம். அதற்குப் பகலைப் பற்றி அக்கறை இல்லை, நாளைத்தான் எண்ணும். நூறு நாள், நூற்றைந்து நாள் ஆனால் முற்றிவிடும். சம்பா விதையைக் குறுவையில் போட்டால் நெடுநெடுவென வளர்ந்து இலையாகவே நிற்கும். குறுவை விதையைப் புரட்டாசியில் போட்டால் நட்ட பயிர் வேரூன்றித் தெளிவதற்குள் அடைமழைக்குள் மாட்டிக்கொள்ளும். விதை இரண்டும் நல்ல விதைகள்தான்.

இந்தக் குணத்துக்குக் காரணமான மரபணுக்களில் ஒன்றை ஜப்பானியர்கள் 2000-இல் பிரித்தெடுத்தார்கள். எச்டி1 என்று பெயர். பகல் குறுகியிருக்கும்போது அது பூப்பதை விரைவுபடுத்துகிறது. பகல் நீண்டிருக்கும்போது அதே மரபணு பூப்பதைத் தாமதப்படுத்துகிறது. அந்த மரபணு பூப்பதற்கு நல்லதா கெட்டதா என்று கேட்டால், எந்த மாதத்தில் என்று திருப்பிக் கேட்காமல் யாராலும் பதில் சொல்ல முடியாது. இந்த வாரம் நான் சொல்லவருவதன் கரு இந்தச் சின்ன உண்மைதான். இதை மனத்தில் வைத்துக்கொண்டு பின்னோக்கிப் போவோம்.

கோயம்புத்தூரில் நெல் ஆராய்ச்சி 1912-இல் தொடங்கியது. சென்னை மாகாணத்தின் பொருளாதாரத் தாவரவியலாளராக இருந்த எஃப். ஆர். பார்னெல், அவரோடு ஜி. என். ரங்கசாமி ஐயங்கார், கே. ராமையா. நெல்லின் குணங்கள் பெற்றோரிடமிருந்து பிள்ளைப் பயிருக்கு எப்படி இறங்குகின்றன என்று இந்த மூவரும் 1917-இல் வெளியிட்ட ஆய்வு, நெல் மரபியலின் தொடக்க நூல்களில் ஒன்று. 1921-இல் கோனமணி என்ற நெல்லின் நடுவே வித்தியாசமாக நின்ற ஒரு செடியிலிருந்து அவர்கள் பிரித்தெடுத்ததுதான் ஜி.இ.பி. 24. ‘அரசாங்கப் பொருளாதாரத் தாவரவியலாளர்’ என்ற பதவியின் ஆங்கில முதலெழுத்துகள் அந்தப் பெயரில் இருக்கின்றன. நம் ஊர்ச் சந்தையில் அது கிச்சிலிச் சம்பா. அந்தச் சன்ன அரிசியின் சுவை இன்றும் பேசப்படுகிறது. இந்தப் பெயரை நினைவில் வையுங்கள், திரும்பத் திரும்ப வரும்.

கோவையில் இவ்வளவு நடந்துகொண்டிருக்கும்போது, 1922-இல் ஆடுதுறையில் தனியாக ஒரு நெல் நிலையம் எதற்கு? கோவையில் தேறிய நெல் காவிரியின் களிமண்ணிலும் தேறும் என்று சொல்ல முடியாது என்பதுதான் பதில். ‘கோ’ என்று தொடங்கும் ரகங்களும் ‘ஏடிடீ’ என்று தொடங்கும் ரகங்களும் ஒரே துறையிலிருந்து வந்தவை. பெயரிலேயே ஊரைச் சுமந்துகொண்டிருக்கின்றன. நெல்லுக்குப் பிறந்த ஊர் முக்கியம் என்று அரசாங்கமே ஒப்புக்கொண்ட கணக்கு அது. ஆடுதுறை முதலில் செய்த வேலை பெரும்பாலும் பொறுக்குவது. கலப்படமாகக் கிடந்த சிறுமணி, குறுவை, கொரங்குச் சம்பா போன்ற உள்ளூர் நெல்லிலிருந்து தனித்தனிக் கதிர்களாக எடுத்து, வரிசை வரிசையாக விதைத்து, சீராக வருவதை மட்டும் வைத்துக்கொள்வது.

அதற்குச் சில ஆண்டுகள் முன்னர்தான் தஞ்சை ஒரு பாடம் படித்திருந்தது. 1918, 1919 ஆண்டுகளில் டெல்டாவில் குலைநோய் பேரழிவாக வந்தது; இந்தியாவில் அந்த நோய் பெரிதாகப் பேசப்பட்டதே அப்போதுதான். இலையில் கண் வடிவப் புள்ளி, பிறகு கதிர்க்கழுத்து கறுத்து ஒடிந்து, கதிர் முழுக்கக் கருக்காய். குளிர்ந்த இரவு, விடியும்வரை இலையில் நிற்கும் பனி, வயலில் கூடுதலான தழைச்சத்து மூன்றும் சேர்ந்தால் பூஞ்சை வெறியாடும். ஆனைக்கொம்பனிலிருந்து பிரித்த கோ 4 அதைத் தாங்கியது. டெல்டாவுக்கு ஏற்ற ஏடிடீ 10 தாங்கவில்லை. இரண்டையும் ஒட்டவைத்துப் பின்னாளில் கோ 25 பிறந்தது. நோயைத் தாங்கும் குணம் கோ 4-க்குள் எப்போதும் இருந்ததுதான். பனியும் பூஞ்சையும் ஒன்றாக வரும்வரை அது யாருக்கும் தெரிந்திருக்க வழியில்லை.

இதே காலத்தில், 1923-இல், இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் பண்ணையில் ரொனால்ட் ஃபிஷர் என்ற கணித அறிஞர் மெக்கென்சி என்ற துணையாளரோடு ஓர் உருளைக்கிழங்குச் சோதனையைக் கணக்குப்போட்டார். பல ரகம், பலவித உரம். எந்த ரகம் உயர்ந்தது, எந்த உரம் உயர்ந்தது என்ற இரண்டு கேள்விகளோடு மூன்றாவதாக ஒன்றையும் கேட்டார்: உரம் மாறும்போது ரகங்களின் வரிசை மாறுகிறதா? அந்தச் சோதனையில் வந்த விடை, மாறவில்லை என்பதுதான். ஆனால் கேள்வி நிலைத்துவிட்டது. இரண்டு நெல்லை உரமில்லாத வயலிலும் உரமிட்ட வயலிலும் நட்டு, விளைச்சலைக் கோடு போட்டுப் பாருங்கள். இரண்டு கோடுகளும் இணையாகப் போனால் ஒரு நெல் எங்கும் மற்றதைவிட மேல் என்று சொல்லிவிடலாம். கோடுகள் குறுக்கே வெட்டிக்கொண்டால், ‘எது நல்ல நெல்’ என்ற கேள்வியே அர்த்தமற்றுப் போகிறது. இந்தக் குறுக்கு வெட்டைத்தான் இடைவினை என்கிறார்கள்.

நெல்லில் அந்தக் கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்தை இந்தியா 1950களில் நேருக்குநேர் பார்த்தது. நம் நாட்டு நெல் உயரமானது. எருவும் தழையும் மட்டும் போட்ட காலத்தில் அந்த உயரம் ஒரு பலம்; தண்ணீர் நின்றாலும் தலை மேலே இருக்கும், களையை அமுக்கும், மாட்டுக்கு வைக்கோல் நிறையக் கிடைக்கும். அம்மோனியம் சல்பேட் மூட்டை வந்ததும் அதே உயரம் பலவீனமாயிற்று. உரம் கூடக்கூடத் தாள் நீண்டு, கதிர் கனத்து, ஒரு மழைக்காற்றில் வயல் முழுக்கப் பாய் விரித்தாற்போல் படுத்துவிடும். ஜப்பானிய நெல்லோ உரத்தை வாங்கிக் கதிராக்கும். அதைக் கொண்டுவந்து இங்கே நட்டால் போதுமே என்றால், போதாது. இங்குள்ள வெப்பத்திலும் குறுகிய பகலிலும் அது வளர்வதற்குள்ளேயே பூத்துவிடும். பாலகனுக்குக் கல்யாணம் செய்துவைத்தது மாதிரி. சோறும் குழைந்து ஒட்டும்; உதிரியாக வடித்த சாதம் கேட்கும் தஞ்சாவூர் இலையில் அது எடுபடாது.

இரண்டையும் கலப்பது என்ற யோசனைக்குப் பின்னால் நின்றவர்களில் முதன்மையானவர் நம் கே. ராமையா. கோவையில் நெல் பூக்கும் காலம் எப்படிப் பரம்பரையாக இறங்குகிறது என்று ஆராய்ந்தவர், 1946-இல் கட்டாக்கில் தொடங்கிய மத்திய நெல் ஆராய்ச்சி நிலையத்தின் முதல் இயக்குநர், பிறகு ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் நெல் நிபுணர். அந்த அமைப்பின் ஆதரவில் 1950களின் தொடக்கத்தில் கட்டாக்கில் இந்திய நெல்லுக்கும் ஜப்பானிய நெல்லுக்கும் ஒட்டு கட்டும் திட்டம் தொடங்கியது. தென்கிழக்கு ஆசிய நாடுகளும் நம் மாநிலங்களும் தங்கள் ஊர் நெல்லை அனுப்பின. கட்டாக்கில் கலந்து, பிள்ளை விதைகளை அந்தந்த ஊருக்கே திருப்பி அனுப்பினார்கள். கலப்பது ஓரிடம், தேர்ந்தெடுப்பது அவரவர் மண்ணில் என்ற அந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. தாயைத் தூரத்தில் தேடலாம். பிள்ளை வளரவேண்டியது சொந்த வயலில்தான்.

ஒட்டு கட்டுவது எவ்வளவு பொறுமையான வேலை என்பதைக் கிட்டத்தில் நின்று பார்த்தால்தான் தெரியும். பொதியிலிருந்து பாதி வெளியே வந்த கதிரை எடுத்துக்கொள்வார்கள். மறுநாள் திறக்கப்போகும் பூக்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை நறுக்கிவிடுவார்கள். மிஞ்சிய ஒவ்வொரு நெற்பூவின் நுனியையும் கத்தரியால் சாய்வாக வெட்டி, மெல்லிய இடுக்கியை உள்ளே விட்டு, ஆறு மகரந்தப் பைகளையும் உடையாமல் எடுக்கவேண்டும். ஒன்று விடுபட்டாலும் செடி தன்னைத்தானே கருவுறச் செய்துகொள்ளும், உழைப்பு வீண். எடுத்தபிறகு எண்ணெய்க் காகித உறை போட்டு மூடிவைத்து, அடுத்த நாள் காலை வெயில் ஏறி ஆண் செடியின் பூக்கள் திறக்கும் நேரம் பார்த்துக் கதிரைக் கொண்டுவந்து மேலே தட்டுவார்கள். நெற்பூ திறந்திருப்பது ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் முன்பின். அதற்குள் விழுந்த தூளுக்கு ஒரு பூவுக்கு ஒரு விதை. இப்படிக் கிடைத்த விதையை முளைக்கவைத்தால், தூரத்து உறவில் பிறந்த அந்தப் பயிரின் கதிரில் பெரும்பகுதி கருக்காயாக இருக்கும். தலைமுறை தலைமுறையாக மணி பிடிப்பதைப் பொறுக்கி எடுத்துக்கொண்டே போகவேண்டும்.

அத்தனை நாடுகளின் உழைப்பிலிருந்து கடைசியில் வயலுக்கு வந்து நின்றவை நான்கே ரகங்கள். மலேயாவில் மாலிஞ்சா, மசூரி, ஆஸ்திரேலியாவில் சிர்க்னா, இந்தியாவில் ஆடுதுறை 27. நோரின் 10 என்ற ஜப்பானிய நெல்லுக்கும் நம் ஜி.இ.பி. 24-க்கும் பிறந்தது அது. (கோதுமையைக் குட்டையாக்கிப் பசுமைப் புரட்சியைத் தொடங்கிவைத்ததும் ஒரு நோரின் 10-தான், அது கோதுமை, இது நெல். நோரின் என்பது ஜப்பானிய வேளாண், வன அமைச்சகத்தின் சுருக்கப் பெயர். இரண்டு பயிருக்கும் தனித்தனியே எண் போட்டதில் வந்த ஒற்றுமை.) மசூரியும் வெளிநாட்டிலேயே நின்றுவிடவில்லை. சுற்றிக்கொண்டு நம்மிடம் வந்து பொன்னியாயிற்று, வெள்ளைப் பொன்னியாயிற்று. நம் வீடுகளில் இன்று வடிக்கும் பொன்னிச் சோற்றின் பூர்வீகம் அந்தத் திட்டம்தான்.

1960-61-இல் தீவிர வேளாண் மாவட்டத் திட்டம் நாட்டில் ஏழு மாவட்டங்களில் தொடங்கியபோது தஞ்சாவூர் அதில் ஒன்று. விதை, உரம், கடன், ஆலோசனை எல்லாவற்றையும் ஒரே பொட்டலமாகக் கொடுப்பது என்பதால் ஊரில் அதைப் ‘பேக்கேஜ் திட்டம்’ என்றார்கள். முதல் சில ஆண்டுகள் உரம் வந்தது. உரத்தைத் தாங்கும் நெல்தான் வரவில்லை. ஆடுதுறை 27 அந்த இடத்தில் வந்து விழுந்தது. நூற்றைந்து நாள். உரம் போட்டால் பலன் தெரிந்தது. மேட்டூர்த் தண்ணீருக்குச் சரியாகக் குறுவையில் பொருந்தியது. 1960களின் நடுவில் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் தஞ்சைக் குறுவையின் பெரும்பகுதியை அது பிடித்துக்கொண்டது. ஒரே ரகம் அவ்வளவு வேகமாக ஒரு மாவட்டம் முழுக்கப் பரவியதை அதற்குமுன் டெல்டா கண்டதில்லை.

சிக்கல் களத்தில் தொடங்கியது. ஜூன் கடைசியில் நாற்றுவிட்டால் அறுப்பு புரட்டாசிக் கடைசி, ஐப்பசி முதல். வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20-ஐ ஒட்டி இறங்கும். மேட்டூர் பத்து நாள் தாமதமானால் போதும், அறுப்பும் மழையும் ஒன்றாக வந்துவிடும். முன்பு குறுவை ஒரு மூலையில் இருந்தபோது நனைந்த நெல்லைத் திண்ணையிலும் கூடத்திலும் பரப்பி ஒப்பேற்றினார்கள். மாவட்டமே ஒரே நெல்லை நட்டு ஒரே வாரத்தில் அறுத்தால் எந்தக் கூடம் போதும்? எங்கள் வீட்டில் அப்படி ஓர் ஐப்பசியில் கூடம் முழுக்க நெல் குவிந்துகிடந்ததைச் சிறுவனாகப் பார்த்திருக்கிறேன். அப்பாயி குவியலுக்குள் முழங்கைவரை கையை விட்டு எடுத்து, முகர்ந்து பார்த்தார்கள். உள்ளே வெந்நீர்போலச் சூடு; புளித்த வாடை. கையோடு வந்த மணிகளில் வெள்ளை முளை எட்டிப்பார்த்தது. அன்றிரவு வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

உரத்துக்குப் பொருந்திய நெல் வானத்துக்குப் பொருந்தவில்லை. இதில் விதையின் குற்றம் என்ன? சோதனைத் திடலில் உரத்தின் அளவை மாற்றிப் பார்த்தார்கள், நடவு இடைவெளியை மாற்றிப் பார்த்தார்கள். அறுத்த நெல் காயுமா, கொள்முதல் செய்கிறவர் ஈர நெல்லை வாங்குவாரா என்பதையும் சூழலின் கணக்கில் சேர்க்கவேண்டும் என்று யாருக்கும் அப்போது தோன்றவில்லை. தோன்றியபோது நடந்தது வியப்பானது. விதையை மாற்றுவதற்குப் பதில் சூழலை மாற்றப் புறப்பட்டார்கள். ஆடுதுறை 27-இன் ஈர நெல்லை என்ன செய்வது என்ற கேள்வியிலிருந்துதான் 1972-இல் திருவாரூர் நவீன அரிசி ஆலையில் நெல் பதப்படுத்தும் ஆராய்ச்சி மையம் தோன்றியது. பின்னர் தஞ்சாவூருக்கு மாறி, இன்று மத்திய அரசின் உணவுத் தொழில்நுட்ப நிறுவனமாக நிற்கிறது. ஒரு நெல் ரகம் பெற்றுக்கொடுத்த நிறுவனம் என்று அதைச் சொல்லலாம்.

அந்தக் கேள்வி தீர்ந்துவிடவும் இல்லை. இன்றும் ஐப்பசி வந்தால் நேரடி கொள்முதல் நிலைய வாசலில் நெல் குவிந்துகிடக்கிறது. தார்ச்சாலையில் ஒரு பக்கம் முழுக்க நெல் காய்கிறது. ஈரப்பத வரம்பு 17 விழுக்காடு. அதை 22 ஆக்குங்கள் என்ற கோரிக்கை மழை ஆண்டுதோறும் டெல்லிக்குப் போகிறது. ஆடுதுறை 27 வயலைவிட்டுப் போய் எத்தனையோ காலம் ஆகிவிட்டது. அது எழுப்பிய கேள்வி வயலிலேயே இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லாமல் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை. விளைச்சல் கூடியபோது கூலி நெல்லும் கூடவேண்டும் என்று கேட்டவர்களுக்கு இந்த மண்ணில் என்ன கிடைத்தது என்பது 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் எரிந்த 44 உயிர்களின் பெயரால் எழுதப்பட்டிருக்கிறது. விதைக்கும் உரத்துக்கும் பொட்டலம் போட்டவர்கள், அந்த நெல்லை நட்டு அறுத்த கைகளைப் பொட்டலத்துக்கு வெளியே விட்டார்கள். இதை ஒரு தனி வாரமாகவே எழுதவேண்டும்; எழுதுகிறேன்.

1966-இல் பிலிப்பைன்ஸிலிருந்து ஐ.ஆர். 8 வந்தது. உலகம் கொண்டாடிய நெல். ஆனால் நூற்றுமுப்பது நாள். தஞ்சைக் குறுவையில் அதை நட்டால் தாளடி நடவு தள்ளிப்போகும். மோட்டா அரிசி வேறு. ஆகவே அதை ஆடுதுறை 27-ஓடு ஒட்டினார்கள். கோ 33 என்ற கருணா பிறந்தது. சம்பாவிலும் தாளடியிலும் ஊன்றி நின்றது ஐ.ஆர். 20. அதன் பெற்றோரில் ஒருவர் திருவள்ளூர்ப் பக்கம் திரூர்க்குப்பத்தில் உருவான டி.கே.எம். 6, அதன் பெற்றோரில் ஒருவர் யார் என்றால், மறுபடியும் ஜி.இ.பி. 24. பிலிப்பைன்ஸுக்குப் போய்விட்டுப் பேரப்பிள்ளையாகத் திரும்பியது கிச்சிலிச் சம்பா. பின்னர் ஆடுதுறையிலிருந்து 1980-இல் ஏடிடீ 36, 1998-இல் சன்ன அரிசிக் குறுவையான ஏடிடீ 43 என்று வரிசை நீண்டது.

இந்தக் காலத்தில் சோதிக்கும் முறையும் மாறியது. 1965-இல் ஐதராபாத்தைத் தலைமையாகக் கொண்டு அகில இந்திய ஒருங்கிணைந்த நெல் திட்டம் வந்தது. ஒரே விதைத்தொகுதியை நாடெங்கும் பல நிலையங்களில் ஒரே சமயத்தில் நட்டுப் பார்ப்பது. அதற்கு இரண்டு ஆண்டு முன்பு ஆஸ்திரேலியாவில் ஃபின்லே, வில்கின்சன் என்ற இருவர் 277 பார்லி ரகங்களைப் பல இடங்களில், பல பருவங்களில் நட்டு ஓர் எளிய வழி கண்டிருந்தார்கள். ஓர் இடம் எவ்வளவு நல்ல இடம் என்று அளக்க மண்ணையும் மழையையும் தனித்தனியாக அளக்கவேண்டாம். அங்கே எல்லா ரகங்களும் சேர்ந்து கொடுத்த சராசரி விளைச்சலே அந்த இடத்துக்கான அளவுகோல். மோசமான இடத்திலிருந்து நல்ல இடத்துக்குப் போகப்போக ஒரு ரகம் எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று பார்த்தால் அதன் குணம் தெரிந்துவிடும். சில ரகங்கள் வசதி கிடைத்தால் பாயும், இல்லாவிட்டால் விழும். சில எங்கேயும் அளவாக நிற்கும்.

நல்ல முறைதான். ஆனால் சராசரி ஒன்றை மறைக்கும். வெண்ணாற்றுத் தலைப்பில் இருக்கும் வயலும் வேதாரண்யம் பக்கத்துக் கடைமடை வயலும் ஒரே சராசரி விளைச்சல் காட்டலாம். ஒன்றில் குறை பூச்சியால், மற்றதில் உப்பால். இரண்டுக்கும் ஒரே அளவு எண் போட்டுவிட்டால் விதைக்கு எதைத் தாங்கத் தெரியவேண்டும் என்பது தொலைந்துபோகிறது. பல இடங்களில் பரவாயில்லாமல் விளையும் நெல்லைத்தான் அந்தக் கணக்கு மேலே தூக்கிவிடும். கடைமடைக்கென்றே பிறந்த நெல் பட்டியலின் நடுவில் எங்கோ புதைந்துவிடும். நம் மாநிலத்தில் நிலையச் சோதனைக்குப் பிறகு அனுசரணை ஆராய்ச்சித் திடல் என்று விவசாயியின் வயலிலேயே நட்டுப் பார்க்கிறார்கள். அந்தத் திடல்களில் கடைமடைக்கு இன்னும் அதிக இடம் வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

கடைமடைக்கு வந்த ஒரு மரபணுவின் கதையைச் சொன்னால் இது விளங்கும். ஒடிசாவின் தாழ்வான வயல்களில் எஃப்.ஆர். 13ஏ என்ற நெல் உண்டு. பயிர் முழுக்க மூழ்கினாலும் இரண்டு வாரம்வரை தாக்குப்பிடிக்கும். அந்தச் சக்தி எங்கே இருக்கிறது என்று தேடியவர்கள் அதை மூழ்கினால் சாகும் நெல்லோடு கலந்து, பிள்ளைப் பயிர்களைத் தொட்டியில் நீருக்கடியில் வைத்தார்கள். எது தாங்கும், எது தாங்காது என்று தண்ணீருக்கு வெளியே சொல்ல முடியவில்லை. நாட்கணக்கில் மூழ்கவைத்து வடித்த பிறகு சில அழுகிச் சரிந்தன, சில பச்சையாக நிமிர்ந்தன. நிமிர்ந்தவை அனைத்திலும் பொதுவாக இருந்த துண்டு எது என்று பார்த்ததில், 1996-இல் ஒன்பதாவது குரோமோசோமில் அந்த இடம் வரைபடத்தில் குறிக்கப்பட்டது; 2006-இல் சப்1ஏ என்ற மரபணுவே கையில் கிடைத்தது. தண்ணீர் இல்லாமல் அந்த வரைபடத்தை யாரும் வரைந்திருக்க முடியாது.

அது செய்வது என்ன? மூழ்கிய நெல் பொதுவாகப் பதறும். மூச்சுவிட மேலே வரவேண்டும் என்று சேர்த்துவைத்த மாவுச்சத்தையெல்லாம் செலவழித்து நீளும். தண்ணீர் வடியும்போது நிற்கத் தெம்பு இருக்காது. சப்1ஏ இருக்கும் நெல் அந்தப் பதற்றத்தை அடக்கிக்கொண்டு வளராமல் கிடக்கும். தண்ணீர் வடிந்ததும் மறுபடி துளிர்க்கும். கட்டாக்கில் உருவாகி டெல்டாவில் பொன்மணி என்று பெயர் பெற்ற சி.ஆர். 1009 நீண்டகாலச் சம்பா நெல். அதற்குள் இந்த மரபணுவை ஏற்றி வந்ததுதான் சி.ஆர். 1009 சப்1. 2008 நவம்பரில் நிஷா புயல் டெல்டாவை நீரில் ஆழ்த்திய மாதிரியான வெள்ளத்துக்கு அது நல்ல துணை.

ஆனால் வடிகால் தூர்ந்த கடைமடையில் வெள்ளம் அப்படி வந்து போவதில்லை. முழங்கால் அளவு, இடுப்பளவு என்று வாரக்கணக்கில் தேங்கி நிற்கும். அங்கே பயிர் மெதுவாக நீண்டு தலையை வெளியே வைத்திருக்கவேண்டும். அடங்கிக் கிடக்கச் சொல்லும் மரபணு அங்கே உதவாது. அதே மரபணு, அதே தாலுக்கா, வடிகால் வாய்க்கால் தூர்வாரிய ஊரில் காப்பாற்றுகிறது, தூர்வாராத ஊரில் கைவிடுகிறது. ஆகவே சப்1ஏ எங்கே பயன்படும் என்ற வரைபடத்தில் நீர்வளத் துறையின் வடிகால் வரைபடமும் சேரவேண்டும்.

கடற்கரை ஊர்களில் குழியடிச்சான், களர்பாலை, காட்டுயானம் என்று பெயர் வைத்தவர்கள் இதை அறிந்தவர்கள். களர் மண்ணுக்கு உரியது எது, நீர் நிற்கும் வயலுக்கு உரியது எது என்பது அவர்கள் புழங்கிய பெயர்களிலேயே கிடைக்கிறது. 2004 சுனாமியில் உப்பேறிய நாகைப் பக்கத்து நிலங்களில் அந்த நெல்லை மறுபடி தேடினார்கள். இயற்கை விவசாய முன்னோடி நம்மாழ்வார் ஊட்டிய உணர்வில் புறப்பட்ட நெல் ஜெயராமன், 2018-இல் மறையும்வரை ஊர் ஊராய் அலைந்து 170-க்கும் மேற்பட்ட பாரம்பரிய ரகங்களை மீட்டுக் கொடுத்தார். திருத்துறைப்பூண்டி அருகே ஆதிரெங்கத்தில் அவர் நடத்திய நெல் திருவிழாவில் வாங்கிய இரண்டு கிலோ விதையைத் திரும்ப நான்கு கிலோவாகக் கொடுக்கவேண்டும் என்பது ஏற்பாடு. விதை ஒவ்வொரு ஆண்டும் ஏதோ ஒரு வயலில் வளர்ந்தே ஆகவேண்டும். குளிர்பதன அறையில் உறங்கும் விதைக்கு மாறிவரும் வெயிலும் உப்பும் தெரியாது. வயலில் நிற்கும் விதைக்குத் தெரியும்.

மாறுவது வெயிலும் உப்பும் மட்டுமா? ஜூன் 12 என்ற தேதியும் நிலையாக இல்லை. 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் மேட்டூர் அந்த நாளில் திறக்கவில்லை. 2020-இல் திறந்தது. 2022-இல் மே 24-லேயே திறந்தது. 2024-இல் ஜூலை 28. நிலையத்தில் பத்தாண்டு பாடுபட்டு ஒரு பட்டத்துக்கென்று ஒரு நெல்லைச் செய்து முடிக்கும்போது அந்தப் பட்டம் இடம் மாறியிருக்கிறது.

டெல்டாவின் விதைக் கடையில் முதலில் கேட்கப்படுவது நெல்லின் பெயர் இல்லை; எத்தனை நாள் நெல் என்பதுதான். 2024-இல் தண்ணீர் கல்லணை தாண்டிக் கடைமடையை எட்டி, ஆகஸ்ட் 10-இல் ஒருவர் விதைத்தார் என்று வைத்துக்கொள்வோம். 110 நாள் நெல் என்றால் அறுப்பு நவம்பர் 28, அடைமழையின் நடுவில். 155 நாள் நெல் என்றால் ஜனவரி 12. தை பிறக்க இரண்டு நாள் இருக்கும்.